நம் வீட்டு அப்பாக்கள் செய்த வேலையை விவரமாக எழுதுவோம்

குலசேகரத்துப் பெண் | சனி, இரவு 9:10

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. நேற்று மாலை என் மகன் என் அப்பாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே காய்த்துக் கல்லாகிப் போன இடத்தைத் தொட்டு, "தாத்தா, இது என்ன?" என்று கேட்டான். "பால் வெட்டிய கை மக்களே" என்றார் அப்பா. எங்கள் பக்கம் ஒரே பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். பெங்களூரில் வளரும் பிள்ளைக்குப் பாலை எப்படி வெட்டுவது என்று புரியவில்லை. விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் பாதிக்கு மேல் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

முப்பத்தைந்து வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நான் கண் விழிக்கும்போது அவர் வீட்டில் இருக்க மாட்டார். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். திரும்பி வரும்போது சட்டையில் ஆசிட் வாடை அடிக்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பள்ளி திறப்பது ஜூனில். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் ஜூனில். நோட்டு, புத்தகம், சீருடை, குடை என்று செலவு வந்து நிற்கும் அதே மாதத்தில் வருமானம் நின்றுவிடும். அதனால் அப்பா ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பதினைந்து ரப்பர் மரங்களின் ஒட்டுப்பாலை, அதாவது வெட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் பாலை மட்டும் கோடை முழுவதும் விற்காமல் சாக்கில் கட்டி, விறகுப்புரை மூலையில் சேர்த்து வைப்பார். அந்த நாற்றம் எங்களுக்குப் பிடிக்காது. "அதை எப்போது விற்பீர்கள்?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். ஜூன் முதல் வாரத்தில் சாக்கு காணாமல் போகும். மேசைமேல் புது நோட்டுகள் அடுக்கியிருக்கும். இரண்டுக்கும் உள்ள தொடர்பை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் யோசித்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார், இருப்பார். நல்லவர், உழைப்பாளி, தெய்வம் போன்றவர் என்று மட்டும் எழுதினால் எல்லா அப்பாவும் ஒரே அப்பாவாகிவிடுகிறார்கள். அவர் என்ன வேலை செய்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், கையில் என்ன வைத்திருந்தார், உங்களுக்காக எதைச் செய்தார் என்று எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதுவோம். அவர்களுக்கு வாசித்தும் காட்டலாம்.

கருங்கல் பனங்காடு | சனி, இரவு 10:25

என் அப்பா பனையேறி. இப்போது இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நாற்பது பனை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. பருவம் தை கடைசியில் தொடங்கினால் ஆடி வரை ஓடும். பனையேற்றத்தில் விடுப்பு என்ற ஒன்று கிடையாது என்பதை இந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். பாளையின் நுனியைத் தினமும் இருவேளை மெல்லிய சீவலாகச் சீவிவிட வேண்டும். சீவாமல் விட்டால் நுனி காய்ந்துபோகும், ஊறல் நின்றுவிடும். ஒருநாள் சோம்பினால் பல நாள் உழைப்பு வீண். ஆகவே காய்ச்சலானாலும் ஏற வேண்டும், சொந்தத் தங்கையின் கல்யாணமானாலும் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாப் பனையும் ஏறி இறங்கிக் குளித்துவிட்டு, இரண்டாம் மணி அடிப்பதற்குள் ஆராதனைக்கு வந்து நிற்பார். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். மரத்தை அணைத்து அணைத்து நெஞ்சில் விழுந்த தழும்பு வெளியே தெரியக் கூடாது என்பதற்காக.

எனக்கு அவர் கொடுத்த ஒரே வேலை, வெள்ளாரங்கல்லைப் பொடித்துக் கொடுப்பது. அந்தப் பொடியைப் பலகையில் தூவி அதில்தான் பாளை அரிவாளைத் தீட்டுவார். தீட்டி முடித்ததும் கைமுடியில் ஒன்றை மழித்துப் பார்ப்பார். அதற்குமேல் என்னைத் தொட விட்டதில்லை. பனையேறும்போது காலில் மாட்டும் கால் நாரை நான் ஒருநாள் விளையாட்டாக என் காலில் மாட்டிப் பார்த்தபோது மட்டும் அடித்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். எங்கள் ஊரில் பனையிலிருந்து விழுந்து எழுந்திருக்காதவர்கள் இருந்தார்கள். அதை நினைத்துத்தான் அடித்திருக்கிறார்.

நான் இன்று ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியன். பி.எட். கட்டணம் முழுவதும் கருப்பட்டி விற்ற பணம்.

திருச்சியிலிருந்து வாசகி | சனி, இரவு 10:40

நீங்கள் சொல்வது பதநீர் இறக்குவதுதானே, அண்ணா? கருப்பட்டிக்கும் அதற்கும் நடுவே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

கருங்கல் பனங்காடு | சனி, இரவு 10:58

ஆமாம் தங்கச்சி. எங்கள் பக்கம் அக்கானி என்போம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் அது அக்கானி. சுண்ணாம்பு இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். அக்கானியை அகன்ற பாத்திரத்தில் ஊற்றிப் பாகு வரும்வரை காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி.

மணவாளக்குறிச்சி மகள் | ஞாயிறு, காலை 6:50

எங்கள் வீட்டில் வெளிநாட்டுக்குப் போனது அம்மா. குவைத்தில் செவிலியர், பதின்மூன்று வருடம். இந்த மாவட்டத்தில் இது புதிதல்ல. எத்தனையோ வீடுகளில் அம்மாவின் சம்பளத்தில் வீடு எழும்பியிருக்கிறது. அந்த வீடுகளில் இருந்துகொண்ட அப்பாக்களைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

அம்மா போனபோது எனக்கு ஐந்து வயது, தங்கைக்கு இரண்டு. அப்பா தையற்காரர். சந்தையில் இருந்த கடையை விட்டுவிட்டு, இயந்திரத்தை வீட்டு முன்னறைக்குக் கொண்டு வந்தார். அதனால் பாதி வாடிக்கை போயிற்று.

எங்கள் பள்ளியில் இரட்டைச் சடை பின்னி, சிவப்பு ரிப்பனால் மடித்துக் கட்ட வேண்டும். அம்மா போன மறுநாள் அப்பா பின்னிய சடை பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிட்டது. நான் அழுதுகொண்டே வந்தேன். அன்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். ஜன்னல் கம்பியில் மூன்று துணிப்பட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு அப்பா பின்னிக்கொண்டிருந்தார். பின்னுவார், அவிழ்ப்பார், திரும்பப் பின்னுவார். ஒரு வாரத்தில் கை படிந்துவிட்டது. துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பழகிய கை அல்லவா, வகிடு எடுத்தால் நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே நேர்க்கோடாக இருக்கும். அப்படியொரு வகிடு வகுப்பில் வேறு யாருக்கும் இருந்ததில்லை. பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஆண்டுவிழா அன்று எங்கள் திண்ணையில் வரிசையாக வந்து உட்காரத் தொடங்கினார்கள்.

தேநீர்க் கடையில் பேசினார்கள். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று. என் காதிலேயே விழுந்தது, அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்? அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார், வீட்டிலேயே கட்டன் சாயா போட்டுக் குடித்தார். யாருக்கும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு விடுமுறை, அன்றுதான் போன் வரும். நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு. முதலில் தங்கை, பிறகு நான். அப்பாவின் முறை வரும்போது பெரும்பாலும் நேரம் முடிந்திருக்கும். "சுகந்தானே? வைக்கட்டுமா?" இதுதான் பதின்மூன்று வருடம் அவர்கள் பேசியது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

அம்மாவும் அப்பாவும் இப்போது ஒன்றாக இருக்கிறார்கள். என் மகளுக்கு இப்போதும் அவர்தான் தலை பின்னுகிறார்.

தோவாளைப் பூக்கடை | ஞாயிறு, காலை 8:15

மணவாளக்குறிச்சி அக்கா, படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். "அந்த மனிதரைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்" என்றார்.

என் அப்பாவும் விடியும் முன்னே சந்தைக்குப் போகிறவர்தான். பிச்சியும் அரளியும் விலை சொல்லி விற்று முடித்துவிட்டு, மாலை கட்ட உட்காருவார். இரண்டு விரல்களுக்கு நடுவே நார் அறுத்த கோடுகள் இருக்கும். என் கல்யாணத்துக்கு மாணிக்கமாலை அவர்தான் கட்டினார். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, இடையில் நொச்சி இலை என்று மடித்து மடித்துப் பட்டையாகக் கட்டும் மாலை அது. ஆள் வைத்துக் கட்டலாம் என்று எல்லோரும் சொன்னோம். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு முழுவதும் தனியாக உட்கார்ந்து கட்டினார். கல்யாணப் புகைப்படம் எல்லாவற்றிலும் அவருடைய கண் சிவந்திருக்கிறது. அழுதது பாதி, தூங்காதது பாதி.

கிள்ளியூர் | ஞாயிறு, காலை 11:30

எல்லோரும் எழுதுவதை இரண்டு தடவை படித்தேன். மனத்தில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் வருத்தப்படக் கூடாது.

என் அப்பா குடித்தார். வெறும் குடி இல்லை, வீட்டில் இருந்த பாத்திரம் வரை போயிற்று. இப்படியொரு பேச்சைப் படிக்கும்போது என்னைப் போன்றவர்கள் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருங்கல் அண்ணன் நாற்பது பனை என்றார். அந்த நாற்பது பனையின் அக்கானியை யார் சுமந்தார்கள்? யார் காய்ச்சினார்கள்? என் அம்மை பக்கத்து வீட்டுக்குக் கூலிக்குக் காய்ச்சினாள். கோடை வெயிலில், ஓலைக் கொட்டகைக்குள், அடுப்புக்கு முன்னால் நாலைந்து மணி நேரம். அவளுக்கு நாற்பது வயதில் கண் பார்வை மங்கியது, அந்தப் புகையால்தான் என்று இன்றும் சொல்வாள். அப்பாக்களின் அர்ப்பணிப்பைப் பேசும்போது அம்மைகள் அடுக்களைக்குள்ளேயே நின்றுவிடக் கூடாது.

குலசேகரத்துப் பெண் | ஞாயிறு, மதியம் 12:05

தம்பி, நீங்கள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. எழுதியதற்கு நன்றி. என் முதல் பதிவில் அம்மா பெயரே வரவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். அந்தச் சாக்கில் இருந்த ஒட்டுப்பாலைப் பறித்துச் சேர்த்தவர்களில் அம்மாவும் உண்டு.

கருங்கல் பனங்காடு | ஞாயிறு, மதியம் 1:20

தம்பி, நீங்கள் கேட்டது நியாயம். என் அம்மாவும் அப்படித்தான் காய்ச்சினாள். அவளைப் பற்றி ஒன்றை எழுதாமல் விட்டேன், இப்போது எழுதுகிறேன். அப்பா ஒரு பனையிலிருந்து இறங்கி அடுத்த பனையில் முருக்குத்தடியை, அதாவது மிதித்து ஏறுவதற்கான தடியைச் சார்த்தும்போது ஒரு சத்தம் கேட்கும். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே இருப்பாள். உதடு மட்டும் அசையும். இரண்டு சத்தங்களுக்கு நடுவே நேரம் அதிகமானால் அகப்பை நின்றுவிடும். சத்தம் கேட்டதும் மறுபடி கிளறத் தொடங்குவாள். தினமும் எண்பது முறை.

கிள்ளியூர் | ஞாயிறு, மாலை 4:10

இதைத்தான் அண்ணா நான் கேட்டது.

எனக்கும் ஒருவர் இருந்தார். அம்மையின் அண்ணன், என் தாய்மாமா. களியக்காவிளைப் பக்கம் அவருக்கு ஒரு சின்ன வாழைத் தோட்டம். சனிக்கிழமைதோறும் கடைசி பஸ்ஸில் ஒரு பையோடு வந்து இறங்குவார். பையில் மட்டிப்பழம் இரண்டு சீப்பு, அரிசி, எனக்கு ஒரு பேனா. வந்ததும் அப்பாவைத் திட்ட மாட்டார். விழுந்து கிடந்தால் தூக்கிக் கட்டிலில் போடுவார். பிறகு என் கணக்கு நோட்டை எடுத்துவரச் சொல்வார். அவர் படித்தது நான்காம் வகுப்பு. கணக்கு சரியா தவறா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, வாத்தியார் சிவப்பு மையில் எதையாவது அடித்திருந்தால் அங்கே விரலை வைத்து, "இது என்னவென்று எனக்குச் சொல்லித்தா" என்பார். அவருக்குப் புரியும்படி சொல்லித்தர வேண்டுமே என்பதற்காகவே நான் கணக்குப் படித்தேன். என் மகளின் நோட்டை இப்போது நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அப்பாவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மாமாவை எழுதிவிட்டேன்.

தேரூர் வயல் | ஞாயிறு, மாலை 6:45

தாய்மாமா என்ற சொல் வந்ததால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. என் வீட்டுக் கதை, மூன்று தலைமுறைக்கு முந்தியது.

நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் அந்தக் காலத்தில் மருமக்கள் வழி. ஒருவன் சொத்து அவன் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். எங்கள் ஊர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்த முறையில் பெண்களும் பிள்ளைகளும் பட்ட பாட்டைத்தான் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. சட்டப் புத்தகத்தில் இதைப் படித்தால் சொத்துத் தகராறு என்று கடந்துவிடுவோம். ஒரு தகப்பன் இடத்தில் நின்று பாருங்கள். தான் உழுது சேர்த்த களஞ்சியத்தில் தன் மகளுக்கு ஒரு நாழி நெல்லுக்கும் உறுதி இல்லை. தன் தலை சாய்ந்தால் மறுநாள் மனைவியும் பிள்ளைகளும் அந்த வீட்டை விட்டு இறங்க வேண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டே ஒவ்வொரு நாளும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

என் பாட்டியின் அப்பா அப்படி வாழ்ந்தவர். பாட்டி சொல்லிச் சொல்லி எனக்கு அவர் முகமே தெரிந்தது போலிருக்கிறது. குடும்ப வயலில் பகல் முழுவதும் வேலை. அது மருமக்களுக்கு. சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு இன்னொருவர் வயலில் வரப்பு வெட்டவும் நீர் திருப்பவும் போவார். அந்தக் கூலி நெல் வீட்டுக்கு வராது. மனைவியின் தம்பி வீட்டில் தனிப் பானையில் சேரும். எட்டு வருடம் சேர்த்து, மனைவி பெயரில் ஒரு மரக்கால் விதைப்பாடு, அதாவது ஒரு மரக்கால் நெல் விதைக்கும் அளவு வயல் வாங்கினார். ஊரறிய நல்ல கையிருப்பு உள்ள காரணவர், அதாவது குடும்பத் தலைவர்; இரவில் கூலிக்காரர். யாராவது பார்த்தால் காரணவருக்கு இழுக்கு என்று தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போவாராம்.

தகப்பன் சொத்திலிருந்து பிள்ளைகளுக்குப் பிரியத்தோடு ஒதுக்கும் பங்குக்கு அந்த முறையில் 'உகந்துடைமை' என்று பெயர். உகந்து கொடுக்கும் உடைமை. பத்திரங்களில் வரும் சொற்களில் இதைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. உரிமை என்று கேட்க முடியாத காலத்தில், அன்பு ஒன்றைத்தான் காரணமாக எழுத முடிந்திருக்கிறது.

அந்த ஒரு மரக்கால் வயல் இன்றும் எங்களிடம் இருக்கிறது. சுற்றிலும் எல்லாம் வீட்டு மனையாகிவிட்டன. விலைக்குக் கேட்டு மாதம் ஒருவர் வருகிறார். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல்லும் இன்றுவரை விதைக்கிறோம்.

திருச்சியிலிருந்து வாசகி | ஞாயிறு, இரவு 7:20

உகந்துடைமை. இந்தச் சொல்லை இதுவரை கேட்டதில்லை. எழுதி வைத்துக்கொண்டேன், ஐயா.

தூத்தூர்க் கரை | ஞாயிறு, இரவு 10:15

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எங்கள் கரையில் பலருடைய அப்பாக்கள் திரும்பி வரவில்லை. என் அப்பா வந்தார். வந்தவரைப் பற்றி எழுதும்போது வராதவர்களின் பிள்ளைகள் படிப்பார்களே என்ற கூச்சம்.

எங்கள் ஊர்களில் தங்கல் தொழில். சூரையும் சுறாவும் தேடி ஆழ்கடலுக்குப் போனால் முப்பது நாள், நாற்பது நாள். அப்பா படகில் ஸ்ராங்கு, படகை ஓட்டி நடத்துகிறவர். நான் பிறந்தபோது அவர் கடலில். கோவிலில் முதல் நன்மை (முதல் திருவிருந்து) வாங்கியபோது கடலில். பத்தாம் வகுப்பு முடிவு வந்தபோது கொச்சியில் பனிக்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் கரையில் இருக்கும் நாட்களில் என்ன செய்வார் என்றால், எங்கள் மூவருடைய செருப்பையும் எடுத்து வைத்துத் தைப்பார். தூண்டில் நரம்பும் பெரிய ஊசியும் வைத்து. கடையில் தைத்தது பிய்ந்தாலும் அவர் தைத்தது பிய்யாது. அடுத்த முறை அவர் வரும்வரை அது தாங்கும்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது. எச்சரிக்கை வரும் முன்பே அவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுதப் போவதில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நள்ளிரவில் அறியாத எண்ணிலிருந்து போன் வந்தது. மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகத்தில் ஒதுங்கியிருப்பதாக அப்பா சொன்னார். முதலில் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. படகில் இருந்த பத்துப் பேர் பெயரையும் வரிசையாகச் சொன்னார். "எழுதிக்கொள், மக்களே. இப்போதே ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் சொல்" என்றார். நான் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு அம்மாவோடு இருட்டில் ஓடினேன். ஒன்பது வீடு. ஒன்பது கதவு. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

சில நாட்கள் கழித்து ஊர் வந்து சேர்ந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் எங்கள் தெருவுக்குள் வரவில்லை. வேறு படகில் போய் இன்னும் திரும்பாத தன் கூட்டாளிகளின் வீடுகளுக்கு முதலில் போனார். ஒவ்வொரு வீட்டிலும் தரையில் உட்கார்ந்தார். நாங்கள் வாசலில் காத்து நின்றோம், கோபமாகக்கூட இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்தபோது இரவு பத்து மணி. வந்ததும், என் தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் செருப்பைத்தான் பார்த்தார். வார் அறுந்திருந்தது.

காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஊர் ஊராக மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கூட்டாளிகளின் மூத்த பிள்ளைகளுக்கு இன்றுவரை ஜூன் மாதம் அவர் செய்வது என்ன என்று எனக்குத் தெரியும். அவர் வெளியே சொல்லாததால் நானும் சொல்லவில்லை.

தோவாளைப் பூக்கடை | ஞாயிறு, இரவு 10:50

ஒன்றும் எழுத முடியவில்லை, தம்பி. அப்பாவுக்கு எங்கள் எல்லோருடைய வணக்கமும்.

கிள்ளியூர் | திங்கள், காலை 6:05

ஒன்பது கதவு என்று எழுதியிருக்கிறீர்களே. என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

மார்த்தாண்டம் தேன் | திங்கள், காலை 9:30

குலசேகரத்து அக்காவுக்கு ஒரு செய்தி. உங்கள் அப்பா வெட்டிய மரங்களுக்கு நடுவில் என் அப்பாவின் தேனீப் பெட்டிகளும் இருந்திருக்கலாம்.

ரப்பர் மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்து, தை மாசியில் தளிர்க்கும். அந்தத் தளிரின் காம்பில் தேன் சுரக்கும், பூவில் அல்ல. நம் மாவட்டத் தேனில் பெரும்பங்கு அதுதான். ஆகவே தளிர் விடும் சமயம் பார்த்துப் பெட்டிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஈக்கள் வெளியே பறக்கும் பகலில் கொண்டுபோக முடியாது. இரவில் வாசலை அடைத்துச் சுமந்து போய், விடிவதற்குள் திறந்துவிட வேண்டும்.

1991, 92-இல் ஒரு வைரஸ் நோய் வந்தது. தாய் சாக்புரூடு என்பார்கள். புழுவெல்லாம் அறைக்குள்ளேயே பையில் நீர் கட்டியது போலச் செத்தது. தென்னாட்டில் எத்தனையோ பேருடைய பெட்டிகள் காலியாயின. அப்பாவிடம் இருந்த அறுபதில் மூன்று மிஞ்சின. காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டுக் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனார். கடனைத் தீர்க்க வேண்டும், நானும் அண்ணனும் படித்துக்கொண்டிருந்தோம். ஆனால் சாயங்காலம் வந்ததும், சிமெண்டு ஒட்டிய கையைக் கழுவிவிட்டு, அந்த மூன்று பெட்டிகளுக்கு முன்னால் குந்தியிருப்பார். எந்த ஈ என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு மரப்பொந்து, கிணற்றுச் சுவர், பழைய வீட்டு உத்தரம் என்று எங்கே கூடு இருப்பதாகச் சொன்னாலும் ராத்திரி கிளம்பிப் போய்ப் பிடித்துக்கொண்டு வருவார். நோயைத் தாங்கிய கூட்டங்களை மட்டும் பிரித்துப் பெருக்கினார். மறுபடி நாற்பது பெட்டி ஆக ஆறு வருடம் ஆயிற்று. அந்த ஆறு வருடத்தில் எங்கள் கட்டணம் ஒருநாளும் தாமதமாகவில்லை. எப்படி என்று கேட்டால், "அதையெல்லாம் நீ கேட்காதே" என்பார் இன்றும்.

மணவாளக்குறிச்சி மகள் | திங்கள், மதியம் 2:00

அக்கா, உங்கள் அப்பாவிடம் கேட்டீர்களா? பால் வெட்டுவது எப்படி என்று?

குலசேகரத்துப் பெண் | செவ்வாய், காலை 11:40

கேட்டேன். நேற்று இரவு எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்பது கதவு வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். ஜன்னல் கம்பியில் பின்னிய அப்பாவைப் பற்றி மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "காலையில் நாலரைக்கு எழுந்தால் காட்டுகிறேன்" என்றார்.

பின்னால் இருந்த பதினைந்தில் இப்போது எட்டு மரங்கள் மீதி. அவருக்கு எழுபத்திரண்டு வயது. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டதும் நடையே மாறிவிட்டது. முதலில் முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை ஒரே இழுப்பில் நாடாவாக உரித்தார். அதுதான் ஒட்டுப்பால். சிரட்டையைத் துடைத்தார். பிறகு கத்தியின் மூக்கை இடதுபுறம் மேலே வைத்து, வலதுபுறம் சரிவாகக் கீழே இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி நகர்ந்தார். தாளைவிடச் சற்றே தடிமனான பட்டை சுருண்டு சுருண்டு விழுந்தது. வெட்டிய கோட்டில் வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, சேர்ந்து, வழிந்து, தகடு வழியாகச் சிரட்டையில் சொட்டத் தொடங்கின. "ஆழம் போனால் தடியில் காயம் விழும், அந்த இடத்தில் பிறகு பட்டை ஒழுங்காக வளராது. மேலாகப் போனால் பால் வராது. நடுவில் ஒரு நூல் அளவுதான் இடம்" என்றார். வெயில் ஏறினால் பால் வரத்து குறையும் என்பதால்தான் விடியும் முன் வெட்டுவது என்றும் சொன்னார். அந்த ஒரு நூல் அளவைத் தினமும் முந்நூறு மரத்தில், விளக்கு வெளிச்சத்தில்.

எட்டு மரமும் வெட்டி முடித்தபின் பால் சொட்டி முடிக்கக் காத்திருந்தோம். தோட்டத்தில் வேலை செய்யும்போது இந்த இரண்டு மூன்று மணி நேரம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்ப்பார்களாம். அவர் மேட்டுக்கு ஏறுவாராம். "எட்டேகால் பஸ் அந்த வளைவில்தானே திரும்பும். நீ எப்போதும் இடதுபக்க ஜன்னலோரம். மழைக் காலத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டிருப்பார்கள், அப்போது மட்டும் தெரியாது."

ஏழு வருடம் அந்த பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒருநாளும் மேட்டைப் பார்த்ததில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "கூட்டுக்காரிகளோடு பேசிக்கொண்டு போவாய், எதற்குக் கூப்பிட வேண்டும்?" என்றார்.

என் மகன் கத்தியைக் கேட்டான். கொடுக்கவில்லை. சிரட்டைகளைத் துடைத்துத் தரும் வேலையைக் கொடுத்திருக்கிறார். எட்டு மரத்திலும் சேர்த்து ஒரு சின்ன வாளி பால் கிடைத்தது. தண்ணீரும் ஆசிடும் கலந்து தட்டில் ஊற்றி வைத்திருக்கிறோம். நாளைக் காலையில் உறைந்திருக்கும். பக்கத்து வீட்டு ரோலரில் போட்டு ஷீட் அடிக்க வேண்டும், ஷீட் வெளியே வரும்போது பிடித்துக்கொள்கிற பக்கம் நான்.